‘ஆயிடுச்சு’க்கு ஒரு எதிரி

எங்கள் கல்லூரியில் அவரைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. எல்லாருக்கும் அவர் ‘யாரு சார்’. இந்தப் பட்டப்பெயரால் அலுவலகம் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. உதவியாளர் முதல்வரின் அறைக்குள் தலையை மட்டும் நீட்டி, "யாரு சார் வந்திருக்காரு" என்பார். முதல்வர் நிமிராமலே, "அதை நீதான்யா பார்த்துச் சொல்லணும், என்னைக் கேட்டா?" என்பார். "இல்ல சார், யாரு சார்தான் சார்" என்று உதவியாளர் பொறுமையாக விளக்குவார். அதற்குள் யாரு சாரே உள்ளே வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருப்பார்.

அவர் படித்தது இயந்திரவியல். வேலைக்குச் சேர்ந்தது பொறியியல் வரைபடம் சொல்லிக்கொடுக்க. பென்சிலை எப்படிச் சீவுவது என்பதற்கே பல வகுப்புகள் எடுத்துக்கொள்ளும் ரகம். பிறகு எல்லாம் கணினியில் வரைவது என்று பாடத்திட்டம் மாறியது. வரைபலகைகள் மாடிப்படிக்கு அடியில் போய்ச் சேர்ந்தன. ஆளை அங்கே போட முடியாதே? அதனால் ‘பொறியாளருக்கான அறநெறியும் சமூகப் பொறுப்பும்’ என்ற பாடத்தை அவர் தலையில் கட்டினார்கள். எந்த ஆசிரியரும் தொட விரும்பாத பாடம். எந்தப் பாடமும் இல்லாத ஆசிரியர். இப்படியொரு ஜோடிப் பொருத்தம் தேடினாலும் கிடைக்காது.

அதிலும் அவர் தற்காலிக ஆசிரியர். ஒவ்வொரு கல்வியாண்டின் முடிவிலும் வேலை முடிந்துவிடும். விடுமுறை கழிந்ததும் மறுபடி கூப்பிடுவார்கள். கூடச் சேர்ந்தவர்கள் எல்லாரும் நிரந்தரமாகி, தொப்பை வைத்து, துறைத் தலைவர்களாகிவிட்டார்கள். இவருக்கு நிரந்தரமாகப் போனது தலைமுடி மட்டும்தான். அவர் மனைவி தபால் நிலையத்தில் வேலை பார்ப்பவர், முத்திரை குத்துகிற மாதிரிதான் பேசுவார். "இந்த வீட்டுல தற்காலிகமா இருக்கறது ரெண்டு. ஒண்ணு கேஸ் சிலிண்டர், இன்னொண்ணு இவரு உத்தியோகம். சிலிண்டராவது தீர்ந்தா மறுநாளே வேற வந்துடும்."

ஆரம்பத்தில் யாரு சாரும் பாடப்புத்தகத்தைத்தான் வாசித்தாராம். ‘அறம் என்பது’ என்று தொடங்கும் வாக்கியம் முடிவதற்குள் பாதி வகுப்பு மேசையில் சாய்ந்துவிடும். வாசித்து வாசித்து ஒருநாள் அவரே பெரிய கொட்டாவியாக விட்டபோது, கடைசி வரிசையில் ஒருவன் வெளியே நழுவப் பார்த்தான். தாழ்ப்பாள் அவன் கையோடு வந்துவிட்டது.

"சார், தாழ்ப்பா கழண்டுடுச்சு."

"கழண்டுடுச்சா, நீ கழட்டினியா?"

"நான் சும்மா தொட்டேன் சார். அதுவா கழண்டுக்கிச்சு."

"அதுவா கழண்டு, உன் கைக்கு வந்து, உனக்கு வணக்கம் சொல்லிச்சாக்கும்?"

தூங்கிய வகுப்பு மொத்தமும் எழுந்துகொண்டது. அன்றைக்கு மூடிய புத்தகத்தை அவர் அப்புறம் திறக்கவேயில்லை.

நம் மொழியில் ஒவ்வொரு காரியத்துக்கும் இரண்டு வினை இருக்கிறது என்பதுதான் அவருடைய மொத்தப் பாடமும். உடைந்தது, உடைத்தேன். எரிந்தது, எரித்தேன். கழன்றது, கழற்றினேன். "முதல் வினையில ஆளே இருக்க மாட்டான் பாரு. ஏதோ பூதம் பண்ணிட்டுப் போன மாதிரி இருக்கும். தப்பு பண்ற இன்ஜினியர் அத்தனை பேரும் அங்கதான் போய் ஒளிஞ்சுக்கறான்" என்பார். ‘ஆயிடுச்சு’ என்ற சொல்லுக்கு வகுப்பில் தடை. யாராவது மறந்து சொல்லிவிட்டால் காதுக்குப் பின்னால் கையைக் குவித்துக்கொண்டு, "யாரு?" என்பார். ஆளைச் சொல்லும்வரை அந்தக் கை இறங்காது. பட்டப்பெயர் வந்த கதை இதுதான்.

நாங்கள் சும்மா விடுவோமா?

"சார், தூக்கம் வந்துடுச்சு."

"யாரு வரவழைச்சா?"

"நீங்கதான் சார்."

இன்னொருவன் எழுந்து, "காதல் வந்துடுச்சுன்னு சொல்லலாமா சார்?" என்றான்.

"சொல்லாதே. வந்துடுச்சுன்னா அந்தப் பொண்ணு பார்சல்ல அனுப்பி வெச்ச மாதிரி இருக்கு. நான் காதலிக்கறேன்னு சொல்லு. அப்புறம் செருப்படி விழுந்தா..."

"விழுந்தாவா சார்? யாரு?"

"சரிடா. அவ அடிச்சா. அடிச்சா வாங்கிக்கோ, உட்காரு."

தேர்வுத் தாளில் ‘பாலம் இடிந்து விழுந்தது’ என்று ஒரு வாக்கியம் கொடுத்து, ‘இதில் ஒளிந்திருக்கும் ஆளை வெளியே இழுக்கவும்’ என்று கேட்டிருந்தார். சிமென்டைக் குறைத்தவர், குறைத்ததைப் பார்த்தவர், பார்த்துவிட்டுப் பார்க்காத மாதிரி கையெழுத்திட்டவர் என்று நான் மூன்று பேரை இழுத்துப் போட்டேன். முழு மதிப்பெண். பெருமைக்காகச் சொல்லவில்லை, பெருமைக்காகத்தான் சொல்கிறேன். எங்கள் ஊரில் மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு அடுத்தவன் வயலில் மேய்ந்தால், மாட்டை விட்டுவிட்டு, கட்டியது எவன் என்றுதான் முதலில் கேட்பார்கள். இந்தப் பாடத்தில் எனக்கு ஊரிலேயே பயிற்சி நடந்திருந்தது. என் பக்கத்து இருக்கைக்காரன் ‘பாலத்தை யானை இடித்தது’ என்று எழுதினான். எழுவாய் வைத்ததற்காக அவனுக்கும் ஒரு மதிப்பெண் போட்டிருந்தார் யாரு சார்.

இந்தப் பாடத்துக்குச் செய்முறையும் உண்டு. சமூகத்துக்கு உதவும் பொருள் ஒன்றைக் குழுவாகச் செய்து காட்டவேண்டும். எங்கள் வகுப்பில் ‘அரியர்’ என்று ஒருவன் இருந்தான். பழைய தேர்வுகளை எல்லாம் பாக்கி வைத்துக்கொண்டே மேலே ஏறியதால் அந்தப் பட்டம். கையில் ஸ்குரூடிரைவர் கொடுத்தால் மன்னன். பேனா கொடுத்தால் அநாதை. அவனுடைய குழு கல்லூரி வாசலில் இருந்த பெரிய இரும்பு கேட்டுக்கு மோட்டார் பொருத்தியது. பாவம், காவலாளி நாள் முழுக்க அதைத் தள்ளுகிறாரே, இனி பட்டனை அமுக்கினால் போதும். அவர்கள் எழுதிக் கொடுத்த சமூகப் பொறுப்பு இதுதான். யாரு சார் பூரித்துப் போய், வருகிற போகிறவர்களிடமெல்லாம் கேட்டைக் காட்டினார்.

கேட்டில் ‘கண்’ ஒன்று வைத்திருந்தார்கள். மூடும்போது குறுக்கே ஏதாவது வந்தால் அது மோட்டாரை நிறுத்திவிடும். சிக்கல் என்னவென்றால், காய்ந்த இலை பறந்தாலும் நிறுத்தும், குருவி போனாலும் நிறுத்தும். அந்தச் சமயம் பார்த்துக் கல்லூரியின் தரத்தை எடைபோட ஒரு குழு வருவதாக இருந்தது. அவர்கள் கார் முன்னால் கேட் விக்கிக்கொண்டு நின்றால் மானம் போய்விடுமே என்று முதல்வருக்குக் கவலை. எனவே கண் கழற்றப்பட்டது. யாரு சார் இதைப் படித்தால் இந்தக் கடைசி வாக்கியத்தைச் சிவப்பு மையால் சுழிப்பார். கழற்றியவர் கதை பின்னால் வருகிறது.

தரம் பார்த்தவர்கள் வந்தார்கள், சாப்பிட்டார்கள், போனார்கள். சில நாள் கழித்து, தாமதமாக வந்த இரண்டு பையன்களுக்காகக் காவலாளி மூடிக்கொண்டிருந்த கேட்டைக் கையால் பிடித்தார். பையன்கள் நுழைந்துவிட்டார்கள். அவர் கை, கேட்டுக்கும் தூணுக்கும் நடுவில் அகப்பட்டுக்கொண்டது. மருத்துவமனையில் வலது கையின் இரண்டு விரல் நுனிகளை எடுத்துவிட்டார்கள். அன்றைக்கு எங்கள் வகுப்பில் யாரும் ஜோக் அடிக்கவில்லை.

விசாரணைக்குக் குழு போட்டார்கள். முதல்வர் தலைவர். அறநெறி நடத்துகிறவர் என்பதால் யாரு சார் உறுப்பினர். மாணவர் தரப்பில் நான். எங்கள் வீட்டில் கல்லூரிக்குள் காலடி வைத்த முதல் ஆள் என்பதால், அங்கே எந்தக் கூட்டத்துக்கு ஆள் கேட்டாலும் கையைத் தூக்கிவிடுவேன், பிஸ்கட்டும் உண்டு. இந்தக் கூட்டத்திலும் பிஸ்கட் இருந்தது. யாரும் தொடவில்லை.

முதல்வர் ஒரு தாளை யாரு சார் பக்கம் நகர்த்தினார். "உங்களுக்கு ‘ஆயிடுச்சு’ பிடிக்காதுன்னு தெரியும். அதனால உங்க பாணியிலயே எழுதியிருக்கேன். படிச்சுப் பாருங்க."

‘காவலாளி, இயங்கிக்கொண்டிருந்த கேட்டில் கையை வைத்தார்’ என்றிருந்தது.

"எழுவாய் இருக்கா?"

"இருக்கு சார்."

"வெச்சது யாருன்னு தெளிவா இருக்கா?"

"இருக்கு."

"அப்புறம் என்ன? அவர்கிட்டயும் ஒரு கையெழுத்து வாங்கிட்டு வந்துடுங்க. கவனக்குறைவுன்னு சொல்லி அனுப்பிட்டு, வேற ஆள் போட்டுக்கலாம்." முதல்வர் பக்கத்திலிருந்த இன்னொரு கோப்பைச் செல்லமாகத் தட்டினார். "உங்க நிரந்தரம் விஷயம் ஒருவழியா என் மேசைக்கு வந்திருக்கு. இதை முடிச்ச கையோட அதையும் முடிச்சிடுவோம்."

எத்தனையோ பேரை வாக்கியத்துக்குள்ளிருந்து காதைப் பிடித்து இழுத்து வந்தவர், அந்த ஒற்றை வரியை முறைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். வெளியே வந்ததும் கேட்டேன்.

"சார், அந்த வாக்கியத்துல ஏதாவது தப்பு இருக்கா?"

"இல்லடா. அதான் பயமா இருக்கு."

அவருடைய ஸ்கூட்டரில் இரண்டு பேரும் காவலாளி வீட்டுக்குப் போனோம். ஒரே அறை. ஆணியில் சீருடைச் சட்டை தொங்கியது. அதன் கீழே பாலிஷ் போட்ட கறுப்பு ஷூக்கள் சுவரைப் பார்த்து நின்றன. காவலாளி கட்டுப் போட்ட கையைத் தலையணை மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி எங்களுக்கு இரண்டு பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டார்.

"இப்ப எப்படி இருக்கு?" என்றார் யாரு சார்.

"இருக்கற விரல் எல்லாம் நல்லா இருக்கு."

யாரு சார் தொண்டையைச் செருமினார். "உங்க நல்லதுக்குத்தான் பசங்க மோட்டார் போட்டாங்க..."

"என் நல்லதுக்கா? என்னை யாரு கேட்டா? கேட்டைத் தள்ளத்தான் என்னை வேலைக்கு வெச்சாங்க. எனக்கு அதுல ஒரு கஷ்டமும் இல்ல. இப்ப பட்டனை அமுக்கிட்டு அது போறதை வேடிக்கை பார்க்கணும்."

"வீட்டுல மிக்ஸியைக் கூட இவருக்கு நிறுத்தத் தெரியாது" என்றார் மனைவி. "இவர் கையில போய் பட்டனைக் குடுத்திருக்கீங்க."

"நீ சும்மா இரு."

யாரு சார் தாளை எடுத்தார். எடுத்தவர் நீட்டாமல் மடியிலேயே வைத்துக்கொண்டார். "ஓடற கேட்டுல ஏங்க கையை வெச்சீங்க?"

காவலாளி மனைவியைப் பார்த்தார்.

"சொல்லிடுங்க" என்றார் அவர். "இனிமே என்ன பயம்? வேலையா மிச்சம் இருக்கப் போகுது?"

"நீங்கதான் சார் வைக்கச் சொன்னீங்க."

"நானா!"

"கண்ணைக் கழட்டின மறுநாள் நீங்க லேட்டா வந்தீங்க. கேட்டு மூடிட்டிருந்துச்சு. வண்டியை நிறுத்தாம, ‘பிடிங்க, பிடிங்க’ன்னு கத்திக்கிட்டே வந்தீங்க. பிடிச்சேன். ‘பரவாயில்லையே, கையாலயே நிக்குதே’ன்னு சிரிச்சிட்டுப் போனீங்க. வாத்தியாருக்காகப் பிடிச்சாச்சு, பசங்களுக்காகப் பிடிக்க மாட்டேன்னு சொல்ல முடியுமா? அப்புறம் தினமும் பிடிக்கறதே வழக்கமாப் போச்சு."

யாரு சாரின் கை இந்த முறை காதுப்பக்கம் போகவில்லை. சீருடைச் சட்டையின் பித்தான்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தார். கையெழுத்துக் கேட்கவே இல்லை.

தெருவில் வண்டியைக் கிளப்பாமல் தள்ளிக்கொண்டே நடந்தார். "யாருன்னு கேட்டா, முன்னாடி நிக்கறவன் மாட்டிக்கறான்டா" என்றார். "அவனைப் பிடிச்சதும் கேக்கறதை நிறுத்திடறோம். நான் பாதிப் பாடம்தான் நடத்தியிருக்கேன்."

"பரீட்சைக்கு முன்னாடியே சொல்லியிருக்கலாம் சார்."

"வாயை மூடிக்கிட்டு நடடா."

அவர் வீட்டில் அப்போதுதான் மனைவி வேலை முடிந்து வந்து, கைப்பையைக் கூடக் கழற்றாமல் நின்றிருந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "கையெழுத்துப் போடப் போறீங்களா?" என்றார்.

"தெரியல."

"அப்ப போட மாட்டீங்க. போடறவனுக்கு அது உடனே தெரிஞ்சிடும்."

"நிரந்தரம் போயிடுமேம்மா."

"போகட்டும்னு சொல்ற அளவுக்கு நான் தியாகி இல்ல. எனக்குக் கோபம்தான். நல்லாவே கோபம். அதுக்காக அந்த மனுஷன் வேலையைக் காவு குடுத்துட்டு நீங்க நிரந்தரமானா, தினம் காலைல அந்த கேட் வழியா எப்படிப் போவீங்க? சுவர் ஏறிக் குதிப்பீங்களா?" என்னைப் பார்த்து, "நீயும் சாப்பிட்டுப் போப்பா. இவரு மூஞ்சியைப் பார்த்துக்கிட்டு என்னால தனியா சாப்பிட முடியாது" என்றார்.

மறுநாள் கூட்டத்தில் யாரு சார் மடித்த தாளைப் பிரித்து மேசையில் தேய்த்து நீவினார். முதல்வரின் வரிக்குக் கீழே அவர் கையெழுத்தில் இன்னொரு வரி இருந்தது. ‘அப்படிக் கையை வைக்கப் பழக்கியவன் நான்.’

முதல்வர் இரண்டு முறை படித்தார். "என்ன சார் இது? யாரும் கேக்காமலே போய்..."

"ஒரு வாக்கியம் குறைஞ்சுது, சேர்த்தேன். இன்னும் குறையுது சார். அரியரைக் கூப்பிடலாமா?"

வராந்தாவில் நின்றிருந்த அரியர் உள்ளே வந்தான். அவன் சட்டைக் காலரில் வியர்வை ஊறியிருந்தது.

"கேட்டுல இருந்த கண் எங்கடா?"

"கழண்..." என்று தொடங்கியவன் நிறுத்திக்கொண்டான். "நான்தான் சார் கழட்டினேன்."

"எதுக்கு?"

அரியர் மின்விசிறியைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். வேறு பார்க்க எதுவும் இல்லாததால் முதல்வரைப் பார்த்தான். "கேட்டு விக்கி விக்கி நிக்கக் கூடாதுன்னு சார் சொன்னாரு."

"விக்கக் கூடாதுன்னுதானே சொன்னேன்?" முதல்வரின் குரல் உயர்ந்தது. "கழட்டச் சொன்னேனா?"

"வேற எப்படி சார் விக்காம இருக்கும்?"

நான் பிஸ்கட் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். முதல்வர் தண்ணீர் குடித்தார், கண்ணாடியைத் துடைத்தார், மறுபடி தண்ணீர் குடித்தார். நிர்வாகத்தில் பழம் தின்று கொட்டை போட்டவர். வழியில்லாத இடத்திலும் வழி கண்டுபிடிப்பார்.

"சரி, எதுக்கு வீண் பேச்சு? ‘இதற்கு நாம் அனைவரும் பொறுப்பு’ன்னு போட்டு முடிச்சிடுவோம். எல்லாருக்கும் சமாதானம்."

"‘நாம்’னா காவலாளியும் உள்ள வந்துடறாரு சார்" என்றார் யாரு சார். "‘நாங்கள்’னு போடுங்க."

"ரெண்டுக்கும் என்னய்யா வித்தியாசம்?"

"‘நாம்’னா கேக்கறவரும் சேர்த்தி. ‘நாங்கள்’னா இந்த அறையில இருக்கறவங்க மட்டும். வெளிய விரல் போய் உட்கார்ந்திருக்கறவர் அதுல இல்ல."

முதல்வர் பேனாவை உருட்டிக்கொண்டே கணக்குப் போட்டார். தன் பெயர் தனியாக வராது. ‘நாங்கள்’ என்ற கும்பலில் நின்றுகொள்ளலாம். காவலாளியைப் பற்றிய வரியை அடித்தார். ‘நாங்கள் பொறுப்பு’ என்று எழுதினார். யாரு சார் தன்னுடைய வரியை மட்டும் அடிக்கவிடவில்லை. அது தனியாக, கும்பலுக்கு வெளியே, அப்படியே இருந்தது. எல்லாரும் கையெழுத்திட்டோம். எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரியாவதற்கு முன்பே முதல் பொறுப்பாளியாகவும் ஆகிவிட்டேன்.

முதல்வர் அந்த இன்னொரு கோப்பை எடுத்து இழுப்பறைக்குள் வைத்தார். "நீங்களே எழுதிக் குடுத்துட்டீங்க. இப்ப போய் நிரந்தரம் குடுத்தா மேலிடத்துல கேப்பாங்க. புரியுதுல்ல?"

"புரியுது சார்" என்றார் யாரு சார். அப்புறம் ஒரு பிஸ்கட்டை எடுத்துத் தின்றார்.

காவலாளி கட்டுப் பிரித்ததும் வேலைக்குத் திரும்பினார். அவர் வந்த அன்றே அரியர் ஸ்பானரோடு போய் மோட்டாரைக் கழற்றினான். யாரு சாரை மறு வருடமும் தற்காலிகமாகவே கூப்பிட்டார்கள். பெருந்தன்மை ஒன்றுமில்லை, அந்தப் பாடத்துக்கு வேறு ஆள் சிக்கவில்லை. அவர் மனைவி கோபத்தை ஒரு பருவம் முழுக்க வைத்திருந்து, சிறிது சிறிதாகச் செலவழித்தார்.

செய்முறைக்கு மட்டும் யாரு சார் புது விதி கொண்டுவந்தார். யாருக்காகச் செய்கிறோமோ அவரிடம் போய் முதலில் கேட்கவேண்டும். இளையவர்களில் ஒரு குழு நோட்டும் பேனாவுமாகக் காவலாளியிடம் போனது.

"உங்களுக்கு நாங்க என்ன செய்யணும்?"

"எதுவும் செய்யாம இருக்கணும்."

"ஐயோ, மார்க்கு இருக்குங்க. ஏதாவது சொல்லுங்க."

அவர் யோசித்தார். "சாய்ஞ்சு உட்கார ஒரு நாற்காலி."

அடுத்த வகுப்பில் வரைபடம் தயாராக இருந்தது. பட்டனை அமுக்கினால் முதுகுப் பக்கம் தானே பின்னால் சாயும், உள்ளே சின்ன மோட்டார். யாரு சார் அதைத் தலைகீழாகவும் பிடித்துப் பார்த்தார்.

"மோட்டார் கேட்டாரா?"

"இல்ல சார். ஆனா..."

"நாற்காலி கடையில விக்குதுடா. போய் வாங்கிட்டு வா."

"அப்ப எங்க மார்க்கு?"

"முதல்ல வாங்கிட்டு வா."

வாங்கி வந்தார்கள். கேட் ஓரம் வெயில் படாத இடமாகப் பார்த்துப் போட்டுவிட்டு, நன்றி கிடைக்கும் என்று வரிசையாக நின்றார்கள். காவலாளி உட்கார்ந்து, சாய்ந்து, இடுப்பை இப்படியும் அப்படியும் அசைத்துப் பார்த்தார். தரை மேடுபள்ளம், நாற்காலி ஒரு பக்கம் ஆடியது. எழுந்து, ஒரு அட்டையை மடித்துக் கால் ஒன்றுக்குக் கீழே செருகிவிட்டு மறுபடி உட்கார்ந்தார்.

"வகுப்பு இல்லையா உங்களுக்கு?" என்றார். "போங்க, போங்க."